வெற்றிலைக்குள் அஞ்சு குண்டு

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லாரும் அதைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கைக்கு வரும். இந்த முறையும் என்னிடமுள்ள மூன்றையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். முதல் இரண்டையும் வாங்கிச் சுவரில் சாய்த்த ஏட்டு, மூன்றாவதை ஒரு கையால் தூக்கப் பார்த்தார். அது மேஜையை விட்டு எழும்பவில்லை. பதினாலு கிலோ. அதில் பெரும்பங்கு குழல் மட்டுமே.

"இன்னா சார் இது, பீரங்கியா?" என்றார். பிறகு அட்டையில் நம்பர் எழுதிக் கட்டிக்கொண்டே, இது சுடுமா என்று கேட்டார். சுடும், ஆனால் குறியில் படாது என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்தத் துப்பாக்கி குறியில் படாததற்குக் காரணம் நான்தான். அதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். இப்போது அது ஸ்டேஷன் அறையில் இருக்கிறது. வீட்டில் அதன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுத முடிகிறது.

எனக்கு வீடு மீஞ்சூர். வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஹைட்ராலிக் சிலிண்டர் செய்யும் ஒரு கம்பெனியின் டூல்ரூமில். முப்பது வருஷமாக இரும்பில் ஓட்டை போடுவதும், போட்ட ஓட்டையைப் பளிங்காக்குவதும்தான் என் பிழைப்பு. முடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் என் விரலுக்குத் தெரிந்துவிடும். அடுத்தவன் வேலையில் பிசகு தெரிந்தால் வாய் சும்மா இருக்காது. டூல்ரூமில் என்னைப் பற்றிப் பின்னால் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்கு ஒரு காலத்தில் பெருமையும் இருந்தது.

துப்பாக்கிக் கிறுக்கு எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் பிடித்தது. ரைபிள் கிளப்பில் சேர்ந்தேன். எல்லாரும் புதிய துப்பாக்கிகளின் பின்னால் அலைந்தபோது, குழலின் வாய்வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் எனக்குப் பிடித்துப்போயின. அவற்றிலும் ஒரு தனி ஜாதி உண்டு. வேட்டைக்கும் சண்டைக்கும் ஆகாத, கனத்த எண்பட்டைக் குழல் வைத்த இலக்குத் துப்பாக்கிகள். தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனால் பன்றியே சிரிக்கும். மேஜையில் படுக்க வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூரத்துக் காகிதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டை போடுவதற்கென்றே செய்தவை. அதைத் தவிர ஒரு பிரயோஜனமும் கிடையாது. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதலாவதை ஆந்திரா எல்லை தாண்டி ஒரு பழைய பெரிய வீட்டிலிருந்து வாங்கினேன். குழலில் குளவி கூடு கட்டியிருந்தது. இரண்டாவது ஒரு எஸ்டேட் ஏலத்தில் வந்தது, கட்டை இரண்டாகப் பிளந்து. இரண்டையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பித்தளை நாரால் துருவைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து, கட்டைக்கு ஆளி எண்ணெய் ஏற்றி, மறுபடி சுட வைத்தேன். மீஞ்சூரில் உப்புக் காற்று. ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் செம்மண் பூசின மாதிரி ஆகிவிடும். வீட்டில் கல்யாணமான நாளில் வாங்கின பீரோ துருப்பிடித்தபோது நான் கவலைப்படவில்லை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

மூன்றாவது, திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நிற்கும்போது கிடைத்தது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஒரு துப்பாக்கியின் போட்டோ. எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று தெரியும், பார்த்தேன். எண்பட்டைக் குழல். என்ன ஐயா விஷயம் என்று கேட்டேன். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், செவ்வாப்பேட்டையில் வீடு. பிள்ளை திருநின்றவூரில் ஃப்ளாட் வாங்கிவிட்டான், லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள அவனுக்கு இஷ்டமில்லை. அதனால் துப்பாக்கியை சர்க்காரிடமே ஒப்படைக்க மனு எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒப்படைத்தால் என்றைக்காவது ஒருநாள் அதை உடைத்து உருக்கிவிடுவார்கள் என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. மனுவை அப்படியே மடித்துக் கவருக்குள் வைத்தார். வாசலில் டீக்கடையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினோம்.

அந்தத் துப்பாக்கி அவருடைய தாத்தாவுக்கு வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே ஆட்கள் சுட்டுப் பழகும் மைதானத்தில் தாத்தா மார்க்கராக இருந்தார். அதாவது இலக்குக்குப் பக்கத்துக் குழியில் உட்கார்ந்துகொண்டு, குண்டு எங்கே பட்டது என்று கொடி காட்டும் வேலை. ஊருக்குத் திரும்பிய துரை ஒருவர் இதை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். தாத்தா ஒருநாள் அதே மைதானத்தில் இருநூறு கஜத்தில் அஞ்சு குண்டு சுட்டு, அஞ்சும் ஒரு வெற்றிலைக்குள் அடங்கினதாம். பார்க்க ஆள் யாரும் இல்லை, சுட்ட காகிதமும் இல்லை. அவர் சொன்னதுதான்.

சொந்தக்காரர்கள் ஒருவரும் நம்பவில்லை. நம்பாமல் விட்டிருந்தால் பரவாயில்லை, அந்தக் குடும்பத்துக்கு "வெத்தல ஊடு" என்று பேரே வைத்துவிட்டார்கள். எந்தக் கல்யாணத்திலும் தாம்பூலத் தட்டு வந்தால் யாராவது ஒருவர் ஒரு வெற்றிலையைத் தூக்கிப் பிடித்து, கையை நீட்டிக் குறி பார்ப்பார்கள். பந்தல் முழுக்கச் சிரிக்கும். பெரியவரின் அப்பா இதற்காக ஒரு கல்யாணத்தில் கைகலப்பே செய்து, கட்டின வேட்டியோடு பாதியில் எழுந்து வந்தவர்.

பெரியவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்க இத்த சரி பண்ணி சுட்டுப் பாருங்க தம்பி. அந்தக் காயிதத்த மட்டும் எனக்குக் குடுங்க. எங்க தாத்தா சொன்னது நெசமா புளுகான்னு நான் கண்ண மூடறதுக்குள்ள தெரிஞ்சிக்கினா போதும்."

கண்டிப்பாக என்றேன். துப்பாக்கியை என் பெயருக்கு மாற்ற உத்தரவு வாங்கி அலைந்த கதை வேண்டாம், அது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியை எடுத்துவர செவ்வாப்பேட்டைக்குப் போனேன்.

அந்த அம்மா, பெரியவரின் மனைவி, நாஷ்டா சாப்பிட வைத்தார். சாப்பிட்டுக் கைகழுவினதும் கிளம்பலாம் என்று எழுந்தேன். மூணு தலைமுறையாக வீட்டில் இருந்த பொருள், சும்மா அனுப்பக் கூடாது என்று நிறுத்தினார். துப்பாக்கியைப் பூஜை அலமாரிக்கு முன்னால் கிடத்தி, சந்தனம் குங்குமம் வைத்தார். எனக்கு வயிற்றெரிச்சல். சந்தனத்து ஈரம் இரும்பில் படக் கூடாது, எப்போது துடைக்கலாம் என்பதிலேயே என் கண் இருந்தது. ஊதுவத்தியைக் கொளுத்தி, நீங்களே ஏத்துங்க என்று அவர் என் கையில் கொடுத்தார். அலமாரியில் பெருமாள் படத்துக்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கும் சாம்பலும் ஏறின ஒரு கறுத்த ஸ்டாண்டு இருந்தது. நாலு குட்டிக் காலில் நின்றது. நடு ஓட்டையில் அரிசியும் சாம்பலும் அடைத்திருந்தது. அதில்தான் மூன்று ஊதுவத்தியையும் செருகினேன். என் இந்த வலது கையால்.

அதன் பிறகு ஏழு மாதம் அந்தத் துப்பாக்கியோடுதான் வாழ்ந்தேன். முதல் நாளே ஒரு திடுக்கிடல். குழலுக்குள் கம்பியை விட்டு அளந்தால் வெளி நீளத்துக்கும் உள் ஆழத்துக்கும் நாலு விரல் வித்தியாசம். யாரோ, எப்போதோ கெட்டித்த மருந்தும் குண்டும் அப்படியே உள்ளே இருந்தன. இத்தனை வருஷம் அந்த வீட்டுப் பிள்ளைகள் அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர் ஒருவரின் பட்டறையில் வைத்து, நாள் கணக்கில் எண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் குண்டை வெளியே இழுத்தோம். நீள ஈயக் குண்டு. குண்டைச் சுழற்றிவிடுவதற்காகக் குழலுக்குள் திருகலாக வெட்டியிருக்கும் வரிகள் அதன் உடம்பைச் சுற்றிப் பதிந்திருந்தன. ஆறு வரியும் ஒரே ஆழம், ஒரே நேர். வாயில் வைத்துச் சுத்தியால் தட்டி இறக்கியிருந்தால் ஒரு பக்கம் அழுந்தி ஒரு பக்கம் வழுக்கியிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, ஆகா என்ன வேலை என்று மெச்சினேன். இவ்வளவு நேராக எப்படி இறக்கினார்கள் என்று கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்தவனுக்குக் கேள்வி எங்கிருந்து வரும்?

குழலின் வாய் முகப்பில் நாலு மூலைக்கு நாலு சிறிய துளைகள் இருந்தன. துருவும் அழுக்கும் அடைத்திருந்தன. உதட்டில் ஒரு சின்ன அடி வேறு. பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. எவனோ ஒரு மேதாவி, எதையோ மாட்டுவதற்காக நல்ல குழலின் வாயில் டிரில் போட்டு வைத்திருக்கிறான் என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படித் திட்டினேன். நாலு துளையையும் பின் அடித்து அடைத்து, முகத்தை மூன்று மில்லி சீவிப் புதிதாக வாய் எடுப்பது என்று முடிவு செய்தேன். அதோடு விடவில்லை. உள்ளே லேசான துருப்புள்ளிகள் இருந்ததால் குழலைச் சிலிண்டர் போலத் தேய்த்துப் பளபளப்பாக்குவது என்றும் தீர்மானித்தேன். நான் சோறு தின்னும் வேலையே அதுதான்.

ரிப்பேர்காரர் அதிகம் படிக்காதவர், பேச்சும் குறைவு. துளைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நாலும் அளவெடுத்துப் போட்ட மாரி கீது சார். யாரையாச்சும் ரெண்டு நாள் விசாரிச்சிக்கினு வெட்டலாமே" என்றார். விசாரிக்க என்ன இருக்கிறது, இரும்பைப் பற்றி எனக்கே பாடமா என்றேன். அவர் லேத்தை விட்டு நகர்ந்து நின்றுகொண்டார். நான் வெட்டினேன். அன்று மாலை நாலு மணி இருக்கும், நல்ல வெளிச்சம். சுருள் சுருளாக விழுந்த இரும்பை ஊதித் தள்ளிவிட்டு விரலால் தடவினேன். பின் அடித்த இடம் தெரியவில்லை. கண்ணாலும் தெரியவில்லை, நகத்தாலும் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலையை என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை.

ஆவணியில் கிளப்பின் சுடுதளத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே நூறு மீட்டர்தான் இருந்தது. தாத்தாவின் தூரத்தில் ஏறக்குறைய பாதி. மணல் மூட்டைமேல் கிடத்தி, மருந்தை அளந்து போட்டு, குண்டைக் காகிதம் சுற்றி வாயில் வைத்துத் தட்டி இறக்கிச் சுட்டேன். அஞ்சு குண்டும் அஞ்சு திசை. மருந்தைக் கூட்டினேன், குறைத்தேன். ஈயத்தை மாற்றினேன். மூன்று ஞாயிறு. அஞ்சு குண்டும் வெற்றிலையில் அடங்கவில்லை, ஒரு வாழையிலையில்கூட அடங்கவில்லை. உடன் இருந்தவர்கள், பழைய சாமான்தானே, தேய்ந்திருக்கும் என்றார்கள். நானும் அதையே நம்பினேன். தவறு துப்பாக்கியிலா, தாத்தாவிலா என்று யோசித்தேனே தவிர, மூன்றாவதாக ஒருவன் இருக்கிறான் என்று ஒரு நொடியும் நினைக்கவில்லை.

இருந்ததிலேயே நல்ல காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு செவ்வாப்பேட்டைக்குப் போனேன். பெரியவர் அதை மடியில் விரித்து, ஒவ்வொரு ஓட்டையாக விரலை வைத்துப் பார்த்தார். இது எவ்வளவு தூரம் என்று கேட்டார். நூறு மீட்டர் என்றேன். தாத்தா இருநூறு கஜம் என்றாரே என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப புளுகுதான்," என்றார். "எங்க நைனா பாவம். இதுக்குப் போயி அடிதடியெல்லாம் பண்ணிக்கினாரு."

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அந்தக் காலத்து ஆட்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார்கள் சார் என்றேன். அவர் தலையாட்டினார். காகிதத்தை நாலாக மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகினார். இந்தக் கதையில் எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருப்பது நான் வெட்டின அந்த மூன்று மில்லி இல்லை, அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆயுத பூஜைக்கு வரச் சொல்லி அந்த அம்மா போன் செய்தார். துப்பாக்கி இல்லாத முதல் பூஜை, நீங்களாவது வந்தால் நன்றாக இருக்கும் என்றார். தொழிற்சாலையில் காலைப் பூஜையை முடித்துக்கொண்டு, பொரியும் கடலையுமாகப் போனேன். அலமாரிக்கு முன்னால் பெரியவரின் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, விசில், கைவிளக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். பூஜைக்காக எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். ஊதுவத்தி ஸ்டாண்டையும்.

சாம்பலும் பிசுக்கும் போன பிறகு அதை அன்றுதான் முதலில் பார்த்தேன். எட்டுப் பட்டை. பித்தளை இல்லை, இரும்பு. ஓட்டைக்குள் ஆறு வரி, திருகித் திருகி இறங்கியது. திருப்பிப் பார்த்தேன். நாலு குட்டிக் கால் என்று நான் நினைத்தது கால் இல்லை, பின். நாலு மூலைக்கு நாலு பின்.

குழலைச் செய்யும்போதே, வரி வெட்டும் முன்பு, அதன் நுனியிலிருந்து ஒரு துண்டை அறுத்து, பின் போட்டுத் திரும்பப் பொருத்தி, இரண்டையும் ஒரே உடம்பாக வைத்து வரி வெட்டியிருக்கிறார்கள். கெட்டிக்கும்போது அந்தத் துண்டை வாயில் மாட்டி, அதன் வழியாகக் குண்டை இறக்குவார்கள். குண்டு நேராக இறங்கும், வாய்க்கும் அடிபடாது. பிறகு கழற்றிவிட்டுச் சுடுவார்கள். ஒரு குழலுக்கு ஒரு துண்டுதான். வேறு எதுவும் அதில் பொருந்தாது, வேறு எதிலும் அது பொருந்தாது. இதை எங்கேயும் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. அந்தத் துண்டைக் கையில் வைத்திருந்த அந்த நிமிஷத்தில், இரும்பே எனக்குச் சொல்லிவிட்டது.

இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன். கேட்பதற்கு ஒன்பது மாதம் தாமதம். பெரியவர் சாதாரணமாகச் சொன்னார். தாத்தாவுக்கு வயதான பிறகு பதினாலு கிலோவைத் தூக்கி அலமாரிக்குக் கொண்டுவர முடியவில்லை. அதனால் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியின் தலை இது, இதற்குப் பூஜை செய்தால் அதற்குச் செய்ததுதான் என்று இந்தத் துண்டை மட்டும் எடுத்து வைப்பாராம். ஒரு வருஷம் பூஜையில் வைத்தவர், அடுத்த மாதம் தவறிவிட்டார். பூஜையில் வைத்ததை யாரும் எடுக்கவில்லை. தாத்தாவுக்குப் பிறகு அப்பாவும் சரி, இவரும் சரி, அந்தத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கவே இல்லை. கெட்டித்துச் சுடத் தெரிந்தவர் தாத்தா ஒருவர்தான். தலை என்று தாத்தா ஏதோ பக்தியில் சொன்னார் என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், துப்பாக்கியோடு சேர்ந்ததுதானே என்றார். ஊதுவத்தியைப் பிடுங்கி, ஊதிச் சுத்தம் செய்து, தோளில் கிடந்த துண்டில் துடைத்து என் கையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன். பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து குழலின் வாயில் வைத்துப் பார்த்தேன். பின்கள் இறங்க வேண்டிய துளைகள் எங்கே இருந்தன என்றுகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு சுத்தமாக அடைத்திருந்தேன். கண்டுபிடித்தாலும் பயனில்லை. மூன்று மில்லி போனதில் திருகின வரிகள் ஒன்றோடொன்று சேரவில்லை, நான் தேய்த்ததில் குழலின் ஓட்டை அதைவிடப் பெரிதாகிவிட்டது. உள்ளேயிருந்து எடுத்த அந்தப் பழைய ஈயக் குண்டைத் துண்டுக்குள் விட்டேன். வரிக்கு வரி பொருந்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. தாத்தா கடைசியாகக் கெட்டித்த குண்டு அது. பொய் சொல்லியிருக்கக் கூடிய துப்பாக்கியில்லை அது. அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். என் மனைவி பயந்துபோய் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

அந்த வீட்டுக்கு வேறொரு ஊதுவத்தி ஸ்டாண்டு செய்து கொடுத்தேன். பித்தளையில், எண்பட்டையாக, லேத்தில் கடைந்து. அந்த அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினாராம். உண்மையை மட்டும் சொல்லவில்லை. வயதான மனுஷன், இதைச் சொல்லி அவர் மனசை ஏன் நோகடிக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது நியாயம் இல்லை, பயம். முப்பது வருஷம் அடுத்தவன் வேலையில் குற்றம் கண்டுபிடித்தவன், போயும் போயும் ஒரு நல்ல குழலின் வாயை வெட்டிக் கெடுத்தான் என்று தெரிந்துவிடுமே என்கிற பயம். அமாவாசைக்குத் திருவள்ளூர் கோயில் குளத்தில் வேண்டுதலுக்கு வெல்லம் கரைக்கப் போகும்போதெல்லாம், அப்படியே செவ்வாப்பேட்டையில் இறங்கிச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். வெல்லம் கரையும், நான் நேராக வீட்டுக்கு வந்துவிடுவேன்.

மாசியில் பெரியவருக்குச் சதாபிஷேகம். எண்பது வயசு. திருவள்ளூரில் மண்டபம் பிடித்து, அரக்கோணம், ஜோலார்பேட்டை, ரேணிகுண்டா என்று ரயில் போகும் ஊரிலிருந்தெல்லாம் சொந்தம் வந்திருந்தது. என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய்ப் பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எதிர் வரிசையில் அவருடைய மச்சான், அவருக்கும் எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டே தன் வாழையிலையைத் தட்டிக் காட்டினார்.

"மாமா, உங்க தாத்தா சுட்ட வெத்தல இதானே? இம்மாம் பெருசுன்னா நான்கூட சுடுவேன்."

மூன்று வரிசையும் சிரித்தது. குழந்தைகள்கூட ஏன் என்று தெரியாமல் சிரித்தன. பெரியவரும் சிரித்தார். பிறகு என் தோளில் கையை வைத்தார்.

"சிரிங்கப்பா, சிரிங்க. புளுகுதான்னு நானே ஒத்துக்கறேன். சாரு மிசின் வேலக்காரரு, அக்கு அக்கா கயட்டி சரி பண்ணி சுட்டுப் பாத்துட்டாரு. கேட்டுக்கோ அவர."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நூறு பேர் இருக்கும். அந்தக் குடும்பத்தைப் பார்த்து மூணு தலைமுறையாகச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் ஒரே கூரைக்குக் கீழே, இலைக்கு முன்னால், வாயை மூடிக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். சொல்வதற்கு இரண்டு வாக்கியம் போதும். நான் தலையாட்டினேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, மோர் கேட்டேன்.

அன்று இரவு தூங்கவில்லை என்று எழுதினால் பெரிய யோக்கியன் போலத் தெரியும். தூங்கினேன். விடிந்து எழுந்தபோதுதான் தாங்கவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, துண்டையும் ஈயக் குண்டையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு செவ்வாப்பேட்டைக்குப் போனேன்.

வாசலில் பந்தல்காரர்கள் வாடகை நாற்காலிகளை அடுக்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வந்த சொந்தமெல்லாம் விடிகாலை வண்டிகளில் கிளம்பிவிட்டிருந்தது. பெரியவர் புது வேட்டியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் மாலையின் தடம். நான் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். துளைகள், லேத், ரிப்பேர்காரர் சொன்னது, நான் கேட்காதது. குண்டைத் துண்டுக்குள் விட்டுக் காட்டினேன். உங்கள் தாத்தா பொய் சொல்லவில்லை சார், இது இருந்தால் வெற்றிலை என்ன, அதில் பாதிகூடப் போதும், கெடுத்தது நான்தான் என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் துண்டை வாங்கி, குண்டு அதற்குள் இறங்குவதை இரண்டு மூன்று தரம் தானே செய்து பார்த்தார். கண் கலங்கியது. எழுந்து போய், என் பித்தளை ஸ்டாண்டை ஓரமாக நகர்த்திவிட்டு, துண்டைப் பெருமாள் படத்துக்கு முன்னால் அதன் பழைய இடத்தில் வைத்தார். நாலு பின்னில் அது நின்றது. வெளியே டெம்போ கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார். "நேத்து எல்லாரும் இருந்தாங்க."